பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5: கோத்தகிரி வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டில் ஒரே தொலைக்காட்சியில் சோனியின் வீடியோ ஆட்ட இயந்திரங்களான பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 ஆகிய இரண்டும் இணைக்கப்பட்டிருக்கின்றன. பழையதை விற்று அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் புதியதை வாங்குவதே பலரின் வழக்கம், நான் விற்கவில்லை. இரண்டையும் ஒரே திரையில், ஒரே அறையில், ஒரே மின்சாரத்தில் மாறி மாறி இயக்கிப் பார்த்ததில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. இந்தத் தலைமுறை மாற்றத்தில் படத்தின் அழகு கூடியது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம், தரவு சேமிப்பிடத்திலிருந்து நினைவகத்துக்கு வந்துசேரும் வேகத்திலும் அதை வாங்கிக் கணக்கிடும் செயலியிலும் நிகழ்ந்திருக்கிறது. விளம்பரங்களில் 4கே (மிகக் கூர்மையான திரை வகை) என்ற சொல் முன்னால் நிற்பதால், வாங்குபவர்கள் திரையைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். மழைக்காலத்தில் மின்சாரம் நின்று நின்று வரும், இணையம் எப்போதும் நம்பத்தக்கதாக இல்லாத ஒரு மலை ஊரில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பிளேஸ்டேஷன் 4 வட அமெரிக்காவில் 2013 நவம்பரிலும் இந்தியாவில் 2014 ஜனவரியிலும் விற்பனைக்கு வந்தது. இங்கே அதன் தொடக்க விலை 39,990 ரூபாய். அதற்கு முந்தைய பிளேஸ்டேஷன் 3-இன் செல் செயலி வலிமை மிக்கது. ஆனால் அதற்கு நிரல் எழுதுவது கடினமாக இருந்ததால் பல ஆட்ட நிறுவனங்கள் திணறின. அந்த அனுபவத்துக்குப் பிறகு தலைமை வடிவமைப்பாளராகப் பொறுப்பேற்ற மார்க் செர்னி, நிரலாளர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான கணினிக் கட்டமைப்பையே தேர்ந்தெடுத்தார். 1.6 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் எட்டு ஜாகுவார் கருக்கள் (செயலியின் கணக்கிடும் பகுதிகள்), 1.84 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்குகள் என்ற அளவு) திறனுள்ள வரைகலைச் செயலி, 8 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகம், நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் 500 ஜிபி ஹார்டு டிஸ்க் ஆகியவை அதில் இருந்தன. அன்று எல்லோரையும் வியக்கவைத்தது நினைவகம்தான். முந்தைய இயந்திரத்தில் மொத்தமே 512 எம்பி இருந்த இடத்தில் 16 மடங்கு நினைவகம் வந்தது. ஆனால் அந்த நினைவகத்தை நிரப்ப வேண்டிய ஹார்டு டிஸ்க்கின் வேகம் அதே விகிதத்தில் உயரவில்லை. அந்தத் தலைமுறையின் எல்லாக் காத்திருப்புக்கும் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

செயலியின் நிலையும் அதுவே. ஜாகுவார் கருக்கள் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறிய மடிக்கணினிகளுக்காகவும் டேப்லெட்டுகளுக்காகவும் வடிவமைக்கப்பட்டவை. அவை அழகான படத்தை வரைவதற்குத் தடையாக இருக்கவில்லை. வரையும் வேலை வரைகலைச் செயலியுடையது. எதிரிகளின் நடமாட்டம், பொருள்கள் மோதுவதன் இயற்பியல், தெருவில் நடக்கும் கூட்டம் ஆகியவற்றைக் கணக்கிடும் வேலை மையச் செயலியைச் சேர்ந்தது. நொடிக்கு 60 ஃபிரேம்கள் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய எல்லாக் கணக்குகளும் 16.7 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டும். ஜாகுவாரால் அது பெரும்பாலான பெரிய ஆட்டங்களில் முடியவில்லை, எனவே 33.3 மில்லிவினாடி எடுத்துக்கொண்டு நொடிக்கு 30 ஃபிரேம்கள் என்ற எல்லைக்குள் பெரும்பாலானவர்கள் நின்றுகொண்டார்கள்.

2016 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோவை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதில் வரைகலைத் திறன் 4.2 டெராஃப்ளாப்ஸாக, அதாவது இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. மையச் செயலியோ அதே ஜாகுவார் வகையில் 2.13 ஜிகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே உயர்த்தப்பட்டது. விளைவாகப் புரோவில் ஆட்டங்கள் கூர்மையாகத் தெரிந்தன. பெரும்பாலானவை 30 ஃபிரேம் எல்லையைத் தாண்டவில்லை. ஹார்டு டிஸ்க்கும் சுழலும் வகையே. ஆகவே புரோவை நான் பிளேஸ்டேஷன் 4-இன் வாரிசாகக் கருதுவதில்லை. அது 4கே தொலைக்காட்சி வைத்திருந்தவர்களுக்காகச் செய்யப்பட்ட பிளேஸ்டேஷன் 4.

உண்மையான வாரிசு 2020 நவம்பரில் வந்தது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று, டிஸ்க் டிரைவ் உள்ள பதிப்பு 49,990 ரூபாய்க்கு வந்தது; டிரைவ் இல்லாத டிஜிட்டல் பதிப்பின் விலை 39,990 ரூபாய். ஜாகுவாரைவிடப் புதியதான ஜென் 2 வகையைச் சேர்ந்த எட்டுக் கருக்கள் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓடுகின்றன. வரைகலைத் திறன் 10.28 டெராஃப்ளாப்ஸ், நினைவகம் 16 ஜிபி. பழைய பிளேஸ்டேஷன் 4-உடன் ஒப்பிட்டால் வரைகலைத் திறன் ஐந்தரை மடங்கு. இந்த எண் பெரிதாகத் தோன்றினாலும், 1080பி (முழு எச்டி) திரையில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகளும் 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகளும் உள்ளன என்பதை நினைவில் வைக்க வேண்டும். நான்கு மடங்குப் புள்ளிகளை வரைவதற்கே கூடுதல் திறனில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் இருப்பது 1080பி தொலைக்காட்சி. 4கே இல்லாமல் பிளேஸ்டேஷன் 5 வாங்குவது வீண் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் தரத்துக்கு முன்னுரிமை, வேகத்துக்கு முன்னுரிமை என்று இரண்டு அமைப்புகள் உண்டு. வேகத்தைத் தேர்ந்தெடுத்தால், மிச்சமாகும் திறன் 60 ஃபிரேம்களாகக் கைக்கு வருகிறது. அதை 1080பி திரையிலும் முழுமையாக உணரலாம்.

விடுமுறைக்குக் கட்டபெட்டிலிருந்து வரும் என் அக்கா மகன் இதை எந்த எண்ணும் தெரியாமலே சொன்னான். 2018-இல் வந்த காட் ஆஃப் வார் ஆட்டம் பிளேஸ்டேஷன் 4-இல் 30 ஃபிரேம்களில் ஓடுகிறது. 2021 பிப்ரவரியில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு அதே டிஸ்க் பிளேஸ்டேஷன் 5-இல் 60 ஃபிரேம்களில் ஓடுகிறது. இரண்டிலும் ஒரே சண்டையை ஆடிவிட்டு, "பழசுல ஆடினா கை கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரி இருக்குது மாமா" என்றான். படம் நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. பொத்தானை அழுத்துவதற்கும் கோடரி வீசப்படுவதற்கும் இடையில் உள்ள நேரத்தைத்தான் அவன் கவனித்தான். எல்லா ஆட்டங்களுக்கும் இந்த நன்மை கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிளட்போர்ன் புதிய இயந்திரத்திலும் 30 ஃபிரேம்களிலேயே நிற்கிறது, ஏனென்றால் அந்த எல்லை ஆட்டத்தின் நிரலுக்குள்ளேயே விதிக்கப்பட்டது. இயந்திரம் எவ்வளவு வலியதாக இருந்தாலும், ஆட்டத்தை உருவாக்கியவர்கள் திறந்துவிடாத கதவை அதனால் திறக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ஆட்டங்களில் அதுவும் ஒன்று என்பதால் இந்தக் குறை எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் சேமிப்பகத்துக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 11 மில்லிவினாடி ஆகிறது. வேண்டிய தரவு வட்டின் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்தத் தடத்துக்குப் படிக்கும் முனை நகர வேண்டும். பிறகு அந்தத் தரவு முனைக்குக் கீழே சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஓர் ஆட்டத்தின் ஒரு தெருவைக் காட்ட, சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை இப்படி ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கொழுந்து ஏற்ற வரும் தோட்டத்து லாரி ஒவ்வொரு எடைக் கொட்டகையிலும் நின்று நின்று போவதைப் போன்றது இது. லாரி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைவிட எத்தனை இடத்தில் நிற்கிறது என்பதே பயண நேரத்தைத் தீர்மானிக்கிறது. 2020 மார்ச்சில் நிகழ்த்திய தொழில்நுட்ப உரையில், பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்டு டிஸ்க்கிலிருந்து நொடிக்கு 50 முதல் 100 எம்பி வரைதான் கிடைக்கும் என்று செர்னி விளக்கினார். ஆட்டங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 5 ஜிபி நினைவகத்தை அந்த வேகத்தில் முழுமையாக நிரப்ப 50 நொடியிலிருந்து 100 நொடிவரை ஆகும்.

இந்தத் தாமதத்தைச் சமாளிக்க ஆட்டங்களை உருவாக்கியவர்கள் கையாண்ட வழிகளைத் தெரிந்துகொண்ட பிறகு, பழைய ஆட்டங்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. முதல் வழி, ஒரே தரவைத் திரும்பத் திரும்ப எழுதிவைப்பது. ஸ்பைடர்மேன் ஆட்டத்தில் நியூயார்க் நகரத்தின் ஒவ்வொரு பகுதியிலும் தபால் பெட்டி போன்ற சாதாரணப் பொருள்கள் இருக்கின்றன; அவற்றைத் தேடி முனை அலையாமல் இருப்பதற்காக, சில பொருள்களின் தரவு வட்டில் 400 தடவை எழுதப்பட்டிருந்ததாகச் செர்னி அதே உரையில் குறிப்பிட்டார். ஆட்டத்தின் அளவு இப்படித்தான் வீங்குகிறது. இரண்டாவது வழி, ஆட்டக்காரரை மெதுவாக நடக்கவைப்பது. நீண்ட மின்தூக்கிப் பயணங்கள், வளைந்து வளைந்து செல்லும் குறுகிய வழிகள், காட் ஆஃப் வாரில் பாறைப் பிளவுக்குள் உடலை ஒடுக்கி நகரும் காட்சிகள் எல்லாம் அடுத்த இடத்தின் தரவு வந்துசேரும்வரை நேரத்தைக் கடத்தும் உத்திகள். கலைநயத்துடன் செய்யப்பட்டவை என்பதால் பெரும்பாலும் நமக்கு அவை உத்திகளாகத் தெரிவதில்லை. நல்ல கலைஞர்கள் ஒரு கருவியின் குறையைக் கதையின் பகுதியாக மாற்றியிருக்கிறார்கள் என்பதை நான் மதிப்புடன் குறிப்பிடுகிறேன்.

பிளேஸ்டேஷன் 5-இல் சுழலும் வட்டு இல்லை. அதிலுள்ள 825 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத மின்னணுச் சேமிப்பகம்) நொடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது. கிராக்கன் என்ற முறையில் சுருக்கப்பட்ட தரவை விரித்துத் தருவதற்குத் தனி வன்பொருள் இருப்பதால், நடைமுறையில் 8 அல்லது 9 ஜிபி வரை நினைவகத்துக்கு வந்துசேர்கிறது. அந்த விரிக்கும் வேலையைச் சாதாரணமாகச் செயலியிடம் விட்டால் ஒன்பது ஜென் 2 கருக்கள் தேவைப்படும் என்று செர்னி கணக்குச் சொன்னார். எஸ்எஸ்டியின் வேகத்தைவிட இந்த ஏற்பாடுதான் பாராட்டத் தக்கது என்பது என் கருத்து. பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல எஸ்எஸ்டி பொருத்திக்கொண்டவர்களுக்கு இது புரியும்: காத்திருப்பு ஓரளவு குறையும், ஆனால் மறையாது. தரவு வேகமாக வந்தாலும் அதை விரித்து ஒழுங்குபடுத்தும் வேலை அதே ஜாகுவார் கருக்களிடம் வந்து தேங்குகிறது. அடுத்தடுத்த நிலைகள் எல்லாவற்றையும் சேர்த்து அகலப்படுத்தியதால்தான் புதிய இயந்திரத்தில் காத்திருப்பு ஏறக்குறைய இல்லாமல் போயிருக்கிறது.

ஆனால் பழைய ஆட்டத்தைப் புதிய இயந்திரத்தில் ஓட்டும்போது அந்தப் பாறைப் பிளவு அப்படியே இருக்கிறது. தரவு எப்போதோ வந்துவிட்டது; கதாநாயகன் இன்னும் உடலை ஒடுக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறான். காத்திருப்பு அந்த ஆட்டத்தின் கட்டமைப்பிலேயே பதிந்துவிட்டது. இந்தப் பழைய கட்டுப்பாட்டைத் துறந்து, பிளேஸ்டேஷன் 5-க்கு மட்டுமாக 2021 ஜூனில் வந்த ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் ஆட்டத்தில் ஒரு பிளவின் வழியே குதித்தால் மறு நொடியே வேறோர் உலகம் முழுமையாக வந்து நிற்கிறது. இரண்டு ஆண்டு கழித்து அதன் கணினிப் பதிப்பு வந்தபோது சாதாரண ஹார்டு டிஸ்க்கிலும் அது இயங்கும் என்று தெரிந்ததும், எஸ்எஸ்டி பற்றிய பேச்செல்லாம் வெறும் விளம்பரம் என்று சிலர் முடிவுகட்டினார்கள். ஹார்டு டிஸ்க்கில் ஓடியபோது உலகம் மாறும் இடங்களில் ஆட்டம் தயங்கி நின்றது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. இயங்குவது வேறு, உருவாக்கியவர்கள் எண்ணியபடி இயங்குவது வேறு.

இனி மலைக்கே உரிய சில செய்திகள். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் இங்கே வெப்பத்தைச் சுமந்து வெளியேறும் காற்றின் எடை அந்த அளவுக்குக் குறைகிறது. அப்படியானால் இயந்திரங்கள் மலையில் அதிகம் சூடாக வேண்டுமே என்று தோன்றலாம். உண்மையில் அப்படி நிகழ்வதில்லை, ஏனென்றால் உள்ளே போகும் காற்றே குளிர்ந்திருக்கிறது. வெளியேறும் காற்று 55 டிகிரி என்று வைத்துக்கொண்டால், மேட்டுப்பாளையத்தில் ஏப்ரல் பிற்பகலில் 38 டிகிரிக் காற்று 17 டிகிரி அளவுக்கு வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும். அதே நேரத்தில் இங்கே 22 டிகிரிக் காற்று 33 டிகிரி அளவுக்கு ஏற்றுக்கொள்ளும். அடர்த்தியில் இழந்ததைவிட வெப்பநிலையில் பெறுவது அதிகம். பிளேஸ்டேஷன் 4-இன் முதல் வடிவம் கடினமான காட்சிகளில் எழுப்பும் விசிறிச் சத்தம் இங்கே, சமவெளியில் உறவினர் வீடுகளில் கேட்டதைவிடத் தணிவாகவே இருக்கிறது.

பிளேஸ்டேஷன் 5-இல் அந்தச் சத்தம் ஏறக்குறைய இல்லை. 12 செ.மீ. விட்டமும் 4.5 செ.மீ. தடிமனும் உள்ள பெரிய விசிறி இரு பக்கமிருந்தும் காற்றை இழுக்கிறது. செயலிக்கும் வெப்பம் கடத்தும் தகட்டுக்கும் இடையில் வழக்கமான பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் வைக்கப்பட்டிருக்கிறது. இயந்திரம் 39 செ.மீ. உயரமும் 4.5 கிலோ எடையுமாக அலமாரிக்கு அடங்காமல் இருந்ததைக் குறை சொன்னவர்கள் உண்டு. அமைதிக்காக இடத்தை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்கு ஏற்புடையது. மலை வீடுகளில் சாலைத் தூசு குறைவு என்றாலும் கம்பளி, போர்வை, சால்வை ஆகியவற்றின் நூல்பிசிறு ஏராளம். அது விசிறியைச் சுற்றி அடைந்துகொள்ளும். பிளேஸ்டேஷன் 5-இன் பக்கத் தகடுகளைக் கையாலேயே கழற்றித் தூசு சேரும் துளைகளை உறிஞ்சிச் சுத்தம் செய்ய முடிகிறது. பழையதில் விசிறியை முழுமையாகச் சுத்தம் செய்ய வேண்டுமானால் திருகுகளை நீக்கி உடலையே திறக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கின் முனை வட்டின்மேல் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று மெலிந்தால் மிதப்பு தாழும். அதனால் சாதாரண ஹார்டு டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர் என்ற உயர எல்லையைத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான் என்பதால் நீலகிரியில் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது ஈரத்துக்கு. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நின்று பெய்கிறது; மூடுபனி சன்னலின் வழியே வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. டிஸ்க் படிக்கும் லென்ஸில் மங்கல் படியும் பருவம் அது. இயந்திரத்தைத் தினமும் சிறிது நேரம் ஓடவிடுவதே நான் கண்ட நல்ல பாதுகாப்பு. உள்வெப்பமே ஈரத்தை விரட்டிவிடுகிறது. குளிர்ந்த இயந்திரத்தை இங்கிருந்து கோயம்புத்தூருக்கு எடுத்துச் செல்பவர்கள், போய்ச் சேர்ந்தவுடன் இயக்காமல் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். சமவெளியின் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் நீராகப் படியும். இந்த எச்சரிக்கை இரண்டு இயந்திரங்களுக்கும் பொருந்தும்.

மின்சாரத்தில் இரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன. மரக்கிளை கம்பியில் விழுந்தால் ஊர் முழுவதும் இருண்டுவிடும். பிளேஸ்டேஷன் 4 திடீரென்று அணைந்தால், அடுத்த முறை இயக்கும்போது சேமிப்பகத்தைச் சோதித்துவிட்டுத்தான் தொடங்கும். பிறகு ஆட்டத்தைத் திறந்து, முதல் பட்டியல் வந்து, விட்ட இடத்துக்குப் போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். மழைநாளின் மாலையில் இது திரும்பத் திரும்ப நிகழும்போது ஆடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே கூடுதலாகிவிடுகிறது. பிளேஸ்டேஷன் 5-உம் அதே சோதனையைச் செய்கிறது. ஆனால் அதற்குப் பிறகு ஆட்டத்துக்குள் நுழைவது மிக விரைவாக முடிகிறது. எஸ்எஸ்டியின் பயனை நான் மிக ஆழமாக உணர்ந்தது இத்தகைய மாலைகளில்தான். மறுபுறம், புதியது அதிகம் உண்கிறது: ஆட்டம் ஓடும்போது பழைய முதல் வடிவம் ஏறத்தாழ 140 வாட்டும் பிளேஸ்டேஷன் 5 ஏறத்தாழ 200 வாட்டும் எடுக்கின்றன. தொலைக்காட்சிக்கு 60 வாட் சேர்த்துக்கொண்டால், அதே இன்வெர்ட்டர் பேட்டரியில் பழையது ஓடும் நேரத்தில் முக்கால் பங்குதான் புதியது ஓடும். இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையில் வைத்திருப்பது இரண்டுக்குமே நல்லது. சாதாரண நிலையில், மின்சாரம் நின்று பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேர இடைவெளியில் இயந்திரம் அணைந்துவிடக்கூடும்.

இணையத்தைப் பொறுத்தவரை, நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 50 ஜிபி ஆட்டத்தை இறக்க, தடையே இல்லாவிட்டாலும் பதினோரு மணி நேரம் ஆகும். ஆகவே மலையில் டிஸ்க் இன்னும் உயிருள்ள பொருள். பிளேஸ்டேஷன் 4 படிக்கும் புளூ-ரே டிஸ்க்கில் 50 ஜிபி வரை அடங்கும். பிளேஸ்டேஷன் 5 படிக்கும் அல்ட்ரா எச்டி புளூ-ரேயில் 100 ஜிபி வரை அடங்கும். புதுப்பிப்பு இறங்கிய பிறகு பிளேஸ்டேஷன் 4 மொத்த ஆட்டத்தையும் ஒருமுறை நகலெடுத்து அதன்மேல் மாற்றங்களைப் பொருத்தும். அதற்கு ஆட்டத்தின் அளவுக்கு இடமும் காலியாக இருக்க வேண்டும், ஹார்டு டிஸ்க்கின் வேகத்தில் நெடுநேரமும் ஆகும். புதியதில் அந்தச் சுமை இல்லை. பழைய டிஸ்க்குகளில் மிகப் பெரும்பாலானவை புதியதில் ஓடுகின்றன என்பது, வாரிசு என்று சொல்லத்தக்க தகுதியை அதற்குத் தரும் பண்பு. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் போன்ற சில ஆட்டங்களின் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கை வைத்திருந்தால் பிளேஸ்டேஷன் 5 பதிப்பே இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் டிரைவ் இல்லாத முதல் டிஜிட்டல் பதிப்பை வாங்கியவர்களிடம் டிஸ்க் இருந்தும் பயனில்லை. சோனியின் சொந்த ஆட்டங்கள் புதிய இயந்திரத்துக்கு 4,999 ரூபாய்க்கு வந்த நாட்டில், ஆடி முடித்த டிஸ்க்கை நண்பருக்குக் கொடுக்கவும் கோயம்புத்தூர்க் கடையில் விற்கவும் முடிவது சிறிய விஷயம் இல்லை.

புதியது பின்னடைந்த ஓர் இடமும் உண்டு. அதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை. பிளேஸ்டேஷன் 4-இல் ஆட்டத்தின் சேமிப்பை ஒரு யுஎஸ்பி பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 5-இல், பழைய ஆட்டங்களின் சேமிப்பை மட்டுமே அப்படி எடுக்க முடியும். பிளேஸ்டேஷன் 5 ஆட்டங்களின் சேமிப்பைத் தனியே பென்டிரைவில் எடுக்க வழியில்லை. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா செலுத்தி இணைய மேகத்தில் வைக்க வேண்டும், அல்லது இயந்திரம் முழுவதையும் பெரிய வெளி டிரைவில் காப்பெடுக்க வேண்டும். மாதக்கணக்கில் உழைத்து ஆடிய ஆட்டத்தின் சேமிப்பு ஆடியவருக்குச் சொந்தமானது. அதைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லும் உரிமையை வலிய இயந்திரம் ஒன்று பறிக்கத் தேவையில்லை.

கன்ட்ரோலரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4-இல் எடை ஏற்றிய மோட்டார்கள் சுழன்று முழுக் கைப்பிடியையும் அதிரவைத்தன. பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸில் ஒலிபெருக்கியைப் போன்ற சுருள் அமைப்பு இருப்பதால் மழைத்துளியும் சரளைக்கல்லும் வெவ்வேறாக உள்ளங்கைக்குத் தெரிகின்றன; வில்நாண் போல் இறுகும் டிரிகர்களும் (விரலால் இழுக்கும் பொத்தான்கள்) உண்டு. டிசம்பர் இரவில் விரல் விறைத்திருக்கும்போது அந்த இறுக்கம் வலிக்கும். அமைப்புகளில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். பேட்டரி 1,000 எம்ஏஎச் என்பதிலிருந்து 1,560 ஆக உயர்ந்திருக்கிறது. பழைய கன்ட்ரோலரைப் புதிய இயந்திரத்தில் பழைய ஆட்டங்களுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும்.

பழைய இயந்திரத்தின் காலம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 11 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் விற்ற இயந்திரம் அது. 2022-இல்கூட கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ரக்னராக் போன்ற பெரிய ஆட்டங்கள் இரண்டுக்குமாக வந்தன. கிரான் டூரிஸ்மோ பழையதிலும் 60 ஃபிரேம்களில் ஓடுகிறது. இன்னொரு நல்ல செய்தி: உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்து, இணையமும் இல்லாவிட்டால் டிஸ்க் ஆட்டங்கள்கூட ஓடாது என்ற ஒரு சிக்கல் பிளேஸ்டேஷன் 4-இல் இருந்தது, 2021-இல் வந்த 9.00 மென்பொருள் அதை நீக்கியது. பழையதை வைத்திருப்பவர்கள் அந்தப் புதுப்பிப்பு வரையாவது கட்டாயம் ஏற்றிக்கொள்ள வேண்டும். பரணில் கிடப்பதையும் ஒருமுறை இறக்கி இதைச் செய்துவிடுங்கள்.

மகனுக்கு எதை வாங்குவது என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். 2024 நவம்பரில் பல நாடுகளில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 புரோ, அதன் வைஃபை பயன்படுத்தும் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அனுமதி இல்லாத நாடுகளில் வெளியாகவில்லை. அப்போது இந்தியாவும் அவற்றுள் ஒன்று. அது வந்தாலும், 1080பி தொலைக்காட்சி உள்ள வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே 2024 ஏப்ரலில் 54,990 ரூபாய்க்கு வந்த மெலிந்த வடிவம், டிஸ்க் டிரைவுடன், அவர்களுக்குப் போதும். அதன் டிரைவ் கழற்றி மாட்டக்கூடியது. முதன்முதலாக அதை இயந்திரத்துடன் பிணைக்க இணையம் தேவை. கட்டபெட்டில் அவர்களிடம் இருப்பது கைபேசி இணையம் மட்டுமே. ஆகவே வாங்கியதும் முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். டிரைவைப் பிணைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, அவன் பென்டிரைவில் எடுத்து வரும் பழைய சேமிப்புகளை ஏற்றி, காட் ஆஃப் வாரின் 60 ஃபிரேம் புதுப்பிப்பையும் இறக்கிக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு அவனுக்கு டிஸ்க்குகளே போதும்.